இரண்டாம் மிதியில் விழுந்த வெட்டு

“டாக்குத்தர் கட்டில்ல படுத்துச் சாகிறதைப் பாக்கவோ சனம் இந்தப் பனிக்குள்ள வரும்?”

“அந்த மனுசன் அப்பிடித்தானேடா செத்தது! எண்பத்தொரு வயசில, சளிக் காய்ச்சல் வந்து.”

“வெட்டில்லாத கூத்து ஒரு கூத்தோ? என்ர வாளுக்குப் பயமெண்டு சொல்லன்.”

“உன்ர தகரத்துக்கோ? போடா!”

புலம்பெயர்ந்து வந்த செயின்ட்-மிஷேலில் நாங்கள் தமிழ்ப் பூசைக்குப் போகும் கத்தோலிக்கக் கோயில் இத்தாலியர்களுடையது. அதன் கீழ் மண்டபத்துக்குப் படியிறங்கும்போது இது காதில் விழுந்தது. வாள்காரன் றஜிந்தன். மற்றவன் கிறிஸ்தோப்பர், டாக்டர் வேடம் அவனுக்கு. கூத்தை எழுதியவன் நான்.

இத்தாலியப் பெரியவர்கள்தான் கூத்தாகப் போடச் சொல்லிக் கேட்டார்கள், தங்கள் ஊரில் இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன் இருந்த ஒரு வைத்தியரின் கதையை. சதுப்பு நிலக் காய்ச்சலுக்கு மருந்து தேடி, செடிகளைத் தானே தின்று பார்த்து, இலைகளைத் தாளில் ஒட்டி வைத்தவர். அந்தச் செடிகள்தான் காய்ச்சலைக் கொண்டுவருகின்றன என்று ஊர் திரண்டு கல்லெறிந்தது. தோட்டத்துக்கு நெருப்பு வைத்தது. அவருக்கு ஒரு கண் போனது. அடுத்த வருடம் அதே ஊருக்கு மருந்து கொடுத்தார். கடைசியில் கட்டிலில் செத்தார்.

எனக்குக் கைதட்டல் வேண்டியிருந்தது. எரியும் தோட்டத்தில் ஒரு சிப்பாய் அவரை வெட்டிக் கொல்வதாக எழுதிவிட்டேன். சிப்பாய் வேடம் றஜிந்தனுக்கு. அவனுடைய தங்கை றொஷினியை, கோயிலில் திருமண அறிவித்தல் வாசித்த பிறகு வேண்டாமென்று விட்டவன் கிறிஸ்தோப்பர். அது தெரிந்துதான் கொடுத்தேன். கோபம் முகத்தில் நன்றாக வரும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் மற்றவர்கள் வருமுன் மூன்று பேருமாக அந்தக் காட்சியைப் பழகினோம். நான் தாளம் போட்டேன். வெட்டுகிறவன் மூன்று தரம் காலை மிதிப்பான். மூன்றாம் மிதிக்கு மற்றவன் குனிவான், வாள் மேலால் போகும். றஜிந்தன் இரண்டாம் மிதியிலேயே வெட்டினான். வேலைத்தலத்தில் தகட்டில் அவனே வெட்டியெடுத்த வாள், விளிம்பை அராவி மழுக்கியிருக்கவில்லை. மறித்த கிறிஸ்தோப்பரின் உள்ளங்கை பிளந்து எலும்பு தெரிந்தது. கூத்துக்கென்று இலை ஒட்டிய தாள்களெல்லாம் இரத்தம். றஜிந்தன் மறுபடி ஓங்கித் தோளில் இறக்கினான். நான் கையிலிருந்த வெண்கலத் தாளத்தை அவன் முகத்துக்கு எறிந்தேன். பல் உடைந்த பிறகுதான் வாளைப் போட்டான்.

ஆஸ்பத்திரியில் கிறிஸ்தோப்பர் சொன்னான்: “அண்ணை, வாள் வழுக்கினது எண்டு பொலிசுக்குச் சொல்லிப்போட்டன். நீங்களும் அதையே சொல்லுங்கோ.”

“ரெண்டாவது வெட்டும் வழுக்கினதோடா?”

“முதலாவது எனக்கு வரவேண்டியதுதான்.”

“நான் ரெண்டாவதைக் கேட்டனான்.”

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். மூன்று விரல்கள் இனி மடங்காதாம். அவன் லொறி ஓட்டிப் பிழைப்பவன்.

கொலைக் காட்சியைக் கிழித்துவிட்டேன். டாக்டர் கட்டிலிலேயே சாகட்டும். ஆனால் திங்கள் காலை பத்து மணிக்குப் பொலிஸ் என்னைக் கூப்பிட்டிருக்கிறது. பார்த்தவன் நான் ஒருவன்தான். உண்மையைச் சொன்னால் றஜிந்தன் மறியலுக்குப் போவான், கம்பி எண்ணுவான்.

கல்லெறிந்தவர்களின் பெயரை அந்த டாக்டர் கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லையாம். அடிபட்டவர் அவர், அது அவருக்குச் சரி. பக்கத்தில் நின்று தாளம் போட்ட எனக்கும் சரியா? வாசிக்கிறவர்கள் தயவுசெய்து பத்து மணிக்கு முன் கீழே எழுதுங்கள்.