பத்து நொடி

"மூச்சு விடாத!" என்றார் என் கணவர் சூரியபிரகாஷ். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு அவனியாபுரத்துச் சித்திரை வெயிலில் நான் வெந்துகொண்டிருந்தேன். அவர் கட்டிலில் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்திருந்தார். சுவர் முழுக்க முட்டை அட்டை. அவருடைய யோசனைதான், இரைச்சலை உறிஞ்சுமாம். நாலு நாளாகப் பல்லிகள் சௌகரியமாக இருக்கின்றன.

சூரியபிரகாஷ் ஆரப்பாளையத்தில் ஒரு கடையில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார். குமிழி வராமல் ஒட்டுவார், அதில் குறை சொல்ல முடியாது. அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு, கரண்டில் ஓடும் எதுவானாலும் தன்னைக் கேட்டுத்தான் ஓட வேண்டும் என்று நம்புகிறார்.

கோரிப்பாளையத்தில் இணையவழிப் பாடம் நடத்தும் நிறுவனம் ஒன்று, எட்டாம் வகுப்புக் கணக்கைப் பத்து நிமிடம் நடத்திப் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தது. இரண்டு முறை அனுப்பினேன். பாடம் நன்றாக இருக்கிறது, பின்னால் 'உஸ்'ஸென்ற இரைச்சல் தாங்கவில்லை என்று இரண்டையும் திருப்பிவிட்டார்கள். இன்று நாலு மணிக்குள் கடைசி வாய்ப்பு. பி.எட். முடித்து ஆறு வருடமாக டிபன் பாக்ஸ் கட்டுகிறேன். இந்த வேலை எனக்கு வேண்டும்.

இரைச்சலைக் கழிக்க மென்பொருள் இருக்கிறது. யாரும் பேசாத பத்து நொடியைப் பதிவு செய்து முதலில் அதற்குக் காட்ட வேண்டும். இதுதான் இரைச்சல் என்று தெரிந்துகொண்டு, பதிவு முழுக்க அதைக் கழித்துவிடும். இரண்டு முறையும் கழித்தது என் கணவர்தான். நான் குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசியதுபோல் இருந்தது. இரைச்சலும் முழுசாகப் போகவில்லை.

"ஒன் குரலே அப்பிடித்தான் சுபா. மனசு கஷ்டப்படுமேன்னு இம்புட்டு நாள் சொல்லல."

அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அந்தப் பத்து நொடியைப் போட்டுக் கேட்டேன். "பேசாத... வயரத் தொடாத... இன்னும் அஞ்சு செகண்டு இருக்கு, பேசாம இரு." முன்பு அனுப்பிய இரண்டிலும், இன்று எடுத்ததிலும் இதே பிரசங்கம். மென்பொருள் என்ன செய்யும், பாவம். பேச்சுக் குரலையே இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு என் குரலை வெட்டியிருக்கிறது. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் ஆத்திரம் வந்தது. மைக்கின் ஒலி அளவைப் பார்த்தால், அதையும் கடைசி வரை ஏற்றி வைத்திருந்தார். அப்படி ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்துதான் ஏறும்.

மணி இரண்டு. உண்மையைச் சொன்னால் ஐந்து மணி வரை விளக்கம் சொல்வார்.

"என்னங்க, வயர்லதான் கோளாறோ? நல்ல வயரு ஒண்ணு பாத்து வாங்கிட்டு வாரீங்களா? எனக்கு எது நல்லதுன்னு தெரியாதுல்ல."

"அதான பாத்தேன்!" முகம் மலர்ந்துவிட்டது. "கடைக்கே போயி எடுத்துட்டு வாரேன். அதுவரைக்கும் எதையும் தொடாத."

வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் ஒலி அளவைப் பாதியாகக் குறைத்தேன். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்தோரம் தள்ளினேன். பத்து நொடி சும்மா இருந்தேன். அவ்வளவுதான், வேறு வித்தை எதுவும் இல்லை. பிறகு பாடம் நடத்தினேன். இரைச்சலைக் கழித்துவிட்டுக் கேட்டபோது என் குரல் எனக்கே பிடித்திருந்தது. மூன்று மணிக்கு அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. என்னை எடுத்துக்கொண்டார்கள். கூடவே ஒரு படிவம். அதை நிரப்பிக்கொண்டிருக்கும்போது அவர் வந்தார். விஷயத்தைச் சொல்லிப் பதிவைப் போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"வயருதான் பிரச்சினைன்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

வயர் இன்னும் அவர் கையில் இருந்த பையைவிட்டு வெளியே வரவில்லை.

என் தோளுக்கு மேல் எட்டிப் படிவத்தைப் பார்த்தார். வேலை செய்யும் இடம் எது என்று கேட்டிருந்தார்கள். வீடு, கோரிப்பாளையம் அலுவலகம் என்று இரண்டு கட்டங்கள்.

"வீடுன்னு போடு. பக்கத்துல நான் இல்லாம நீ என்ன செய்வ?" என்று சொல்லிக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்து, புது வயரின் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்து இழுத்தார். கிழியவில்லை. திருப்பிப் பிடித்து மறுபடியும் கடித்தார். நான் இரண்டாவது கட்டத்தைத் தொட்டேன்.