அண்ணனைத் தம்பி என்று எழுதியவள்

அவள் ஜப்பான் அனிமேஷன் படங்களுக்குத் தமிழில் வசனம் எழுதுகிறவள். ஜப்பான் மொழியில் அவளுக்கு ஒரு வரி தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் வந்ததில்லை. அங்கே எடுத்த படம் முதலில் ஆங்கிலத்துக்குப் போகும். ஆங்கிலத்திலிருந்து இவள் மேசைக்கு வரும். அவர்கள் என்ன சொன்னார்களோ அதைத் திரையில் ஆடும் வாய்க்கு ஒட்டுகிறபடி தமிழில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதில் அவளுக்கு நல்ல பேர் இருந்தது.

டப்பிங் கூடம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. உள்ளே நுழையுமுன் வளையல், கொலுசு எல்லாவற்றையும் கழற்றி வாசலில் உள்ள தட்டில் போட்டுவிட வேண்டும். மைக் அதையெல்லாம் பிடித்துவிடும். பதிவு நடக்கும்போது ஏசியும் ஓடக்கூடாது. ஆகவே பேசுகிறவர்கள் பனிமலையில் நடக்கிற காட்சியைக்கூட வியர்த்து வழிந்துகொண்டேதான் பேசுவார்கள்.

அங்கே எல்லோருக்கும் பிரியமானவள் ‘பொடியன்’. ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. முப்பது வருடங்களாகச் சின்னப் பையன்களுக்கே குரல் கொடுத்து அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, முட்டிவலிக்கு ஸ்டூலில் உட்கார்ந்தபடி மைக் முன் வாயைத் திறந்தாள் என்றால் எட்டு வயதுப் பயல் ஒருவன் குதித்து வருவான். வாட்ச்மேன்கூட, “பொடியன் வந்தாச்சா?” என்றுதான் கேட்பார்.

அந்த வருடம் ஒரு படம் வந்தது. பெரிய ஆறு; அதில் படகோட்டும் ஒரு வாலிபன். ஒருநாள் சாயங்காலம் அவன் படகில் ஒரு சிறுவன் தனியாக வந்து ஏறுகிறான். எப்போதோ செத்துப்போன அவனுடைய சகோதரன் அது. மூன்று நாள் தொடர்ந்து வருகிறான். இருவரும் பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள். மூன்றாம் நாள் சிறுவன் அக்கரையில் இறங்கிப் போய்விடுகிறான். அவ்வளவுதான் கதை.

ஆங்கிலத்தில் இருவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லியே கூப்பிட்டுக்கொண்டார்கள். தமிழில் அது நடக்காது. கூடப்பிறந்தவர்கள் என்றால் யார் மூத்தவன், யார் இளையவன் என்று தெரியாமல் ஒரு வரி எழுத முடியாது. அவள் திரையைப் பார்த்தாள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கிறது, இன்னொருவன் அவன் இடுப்பு உயரம்தான் இருக்கிறான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? போதாததற்குக் கடைசிக் காட்சியில் ஆங்கிலக்காரர்களே, ‘போய் வா, குட்டிப்பயலே’ என்று ஒரு வரி வைத்திருந்தார்கள். வாலிபன் ‘தம்பி’ என்று கூப்பிடுவதாகவும் சிறுவன் ‘அண்ணா’ என்று கூப்பிடுவதாகவும் எழுதினாள். கடைசி வரியை, ‘போய்ட்டு வாடா தம்பி, அண்ணன் இங்கயேதான் இருப்பேன்’ என்று வைத்தாள். அந்த இடத்தில் திரையில் வாலிபனின் முதுகுதான் தெரிந்தது. எதை வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும்.

அந்த வரியைப் பதிவு செய்த அன்று கூடமே அழுதது. பொடியன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, நீ நல்லா இருப்பே என்று அவளைத் திட்டுகிற தொனியில் வாழ்த்திவிட்டுப் போனாள். மறுவாரம் பொடியனுக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை. ஏதோ கட்டி, சின்னதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வசனம் எழுதுகிறவள் வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும்தான். சுவரில் ஒரு படம் இருந்தது. கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டையில் அவளுடைய அண்ணன். ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அப்போது அவளுக்கு ஐந்து. பள்ளிக்கூடம் போகும்போது அவளைச் சுவர் ஓரமாக விட்டு, வண்டிகள் போகிற பக்கம் அவன் நடப்பான். அவளுடைய பையையும் அவனே சுமப்பான். அவனைப் பற்றி அவளுக்கு நினைவிருந்தது அவ்வளவுதான்.

அம்மா அவனைக் ‘குழந்தை’ என்பாள். குழந்தைக்கு இந்தப் பிஸ்கட் பிடிக்கும், குழந்தை மழையில் நனைந்தால் உடனே தும்முவான், என்று எப்போதாவது ஒரு வாக்கியம் வரும். அதற்கு மேல் பேச்சு வளராது.

கடைசிக் கட்ட ஒலிச் சேர்ப்புக்காக ஜப்பானிலிருந்து மூலப் படம் வந்து சேர்ந்தபோது இரண்டு மாதம் ஆகிவிட்டிருந்தது. துடுப்புச் சத்தம், காற்று, இசை இவற்றைச் சரிபார்க்க ஒலிப்பதிவு செய்யும் இளைஞன் அதை ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் வேறொரு தொடரின் வசனத்தைக் கொடுக்க வந்தவள், டீ குடித்தபடி பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

திரையில் வாலிபன் படகை நிறுத்திவிட்டுச் சிறுவனைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான். ‘ஒனீசான்.’

அவளுக்குத் தெரிந்த இரண்டு மூன்று ஜப்பான் சொற்களில் அதுவும் ஒன்று. எத்தனையோ தொடர்களில் சின்னத் தங்கைகள் அந்தச் சொல்லைக் கத்திக்கொண்டு ஓடி வருவார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் அந்த இடத்தில் ‘அண்ணா’ என்று எழுதியிருக்கிறாள்.

திருப்பிப் போடச் சொன்னாள். மறுபடியும் அதே சொல். படம் முழுக்க அவன் அப்படித்தான் கூப்பிட்டான். மீசை முளைத்தவன் இடுப்பளவு உயரமிருந்த சிறுவனை அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

செத்துப்போனவன் மூத்தவன். எட்டு வயதோடு நின்றுவிட்டான். இளையவன் வளர்ந்து, அவனைத் தாண்டி, ஆளாகிவிட்டான். படமே அதுதான். கடைசிக் காட்சியில் வசனம் எதுவும் இல்லை. சிறுவன் இறங்கிப் போகிறான், வாலிபன் பார்த்துக்கொண்டிருக்கிறான். துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஆங்கிலக்காரர்கள் அந்த மௌனத்தில் ஒரு வரியைச் செருகியிருக்கிறார்கள். அவள் அந்த வரியை நம்பியிருக்கிறாள்.

“என்னக்கா, டீ ஆறுது” என்றான் இளைஞன்.

மேனேஜர் கெட்டவர் அல்ல. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, வெளியிடும் தேதி அறிவித்தாகிவிட்டது என்றும், பேசியவர்களை மறுபடி கூட்டி வருவது பெரும்பாடு என்றும் சொன்னார்.

“பாக்கறவங்க கண்ணுக்குச் சின்னவன் தம்பியாத்தானே தெரியறான்? அன்னிக்கு எல்லாரும் அழுதாங்களா இல்லையா? அப்புறம் என்னம்மா?”

எல்லோரும் அழுதது உண்மைதான். ஆனால் அவள் விடவில்லை. நாலு நாள் அவர் அறை வாசலிலேயே நின்றாள். கடைசியில் அவர், வாலிபனுக்குப் பேசியவனை எப்படியாவது பிடித்துவிடலாம், பொடியன் வந்து பேசிக் கொடுப்பதாக இருந்தால் ஒரு மத்தியானம் கூடத்தைத் தருகிறேன் என்று இறங்கி வந்தார்.

பொடியன் வீடு ஒரு குறுகிய படிக்கட்டின் மேலே இருந்தது. கதவைத் திறந்தவள் கழுத்தில் மெல்லிய துணியைச் சுற்றியிருந்தாள். “வா” என்றாள்.

யாரோ வேறொருத்தி உள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. தடித்த, கரகரத்த, வயதான குரல்.

“இதான் இனிமே என் குரலாம்” என்றாள் பொடியன். “டாக்டர் சொல்லிட்டார். கட்டி போயிடுச்சு, கூடவே அந்தப் பயலும் போயிட்டான்.”

அவள் வந்த காரியத்தைச் சொல்லாமல் திரும்பிவிடத்தான் நினைத்தாள். பொடியன் விடாமல் கேட்டு வாங்கிக்கொண்டாள். படத்தின் கதை புரிந்ததும் கழுத்துத் துணியைத் தளர்த்திக்கொண்டாள். பிறகு முதுகை நிமிர்த்தி, மைக் முன்னால் உட்காருவதுபோல் உட்கார்ந்து, “டேய் தம்பி” என்று கூப்பிட்டுப் பார்த்தாள். குரல் பாதியில் உடைந்தது. இன்னொரு தடவை முயன்றாள். இருமல்தான் வந்தது.

“முப்பது வருஷம் எட்டு வயசுலயே இருந்தேன்டி” என்றாள். “ஒரே நாள்ல கிழவி ஆக்கிட்டாங்க.” சிரிக்கப் பார்த்தாள். அவள் எழுந்து போய் பொடியனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேறு ஒருத்தியை வைத்துச் சிறுவன் பேச்சு முழுவதையும் மறுபடி எடுப்பதற்கு மேனேஜர் ஒப்பவில்லை. கடைசி வரியை மட்டுமாவது நீக்கிவிடுங்கள், அந்த இடம் சும்மா இருக்கட்டும் என்று அவள் கெஞ்சினாள். அதற்குச் சரி என்றார். வரியை நீக்கி டிவிக்கு அனுப்பிய படம் ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. கடைசியில் சத்தம் வரவில்லை, கோளாறு போலிருக்கிறது, சரிசெய்து அனுப்பவும் என்று டிவிக்காரர்கள் எழுதியிருந்தார்கள். இளைஞன் அவள் முகத்தைப் பார்க்காமல் வரியைப் பழையபடி வைத்தான்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. தப்பை ஆங்கிலக்காரர்கள் தலையில் மட்டும் போட முடியாது. சுவரில் இருக்கும் பையனை அண்ணனாக நினைப்பதை அவள் விட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பதினைந்து வயதில் ஒருமுறை அந்தப் படத்தைத் துடைத்தபோது, எவ்வளவு பொடிசு என்று தோன்றியது. முப்பதில், தனக்கு ஒரு பிள்ளை இருந்தால் இப்படி இருப்பானோ என்று தோன்றியது. அவனை விட்டு அவள் வளர்ந்து வெகுதூரம் வந்துவிட்டாள். வளர வளர அவனைச் சின்னவனாக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். அப்படிப் பழகிய கண்ணோடுதான் படத்தையும் பார்த்திருக்கிறாள்.

படம் டிவியில் வந்தது. ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அந்தக் கடைசி வரியை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். தெரிந்தவர்கள் போன் செய்து, அழ வைத்துவிட்டாய் என்றார்கள். அவள் எல்லோருக்கும் நன்றி சொன்னாள்.

அம்மாவும் பார்த்தாள். படம் முடிந்ததும், “நல்லாத்தான் எழுதியிருக்கே. நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?” என்று கேட்டாள்.

அவள் நடந்ததைச் சொன்னாள். வாலிபன்தான் தம்பி, சிறுவன்தான் அண்ணன் என்றாள். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். நிஜப் படத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், இளைஞனிடம் வாங்கி வந்த மூலப் படத்தைப் போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் இடையிடையே அர்த்தம் சொல்ல ஆரம்பித்தாள். நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன் என்று அம்மா அடக்கிவிட்டாள். ஒரே ஒரு சொல்லை மட்டும் கேட்டாள்.

“என்னமோ சொல்லிச் சொல்லிக் கூப்பிடறானே, அது என்ன?”

“அண்ணாம்மா.”

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். அதன் பிறகு அந்தச் சொல் வரும்போதெல்லாம் அவள் உதடு லேசாக அசைந்தது. கடைசியில் சிறுவன் இறங்கிப் போனான். யாரும் எதுவும் சொல்லவில்லை. துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. படம் முடிந்து எழுத்துகள் ஓடி, திரை கறுப்பானது. அம்மா கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க அண்ணனுக்கு இப்ப என்ன வயசு ஆகும்?”

அம்மா வாயில் ‘உங்க அண்ணன்’ என்று அவள் கேட்டுப் பல காலம் ஆகியிருந்தது. “நாப்பத்தஞ்சும்மா.”

“தல நரைச்சிருக்கும்” என்றாள் அம்மா. “உங்க அப்பாவுக்குச் சீக்கிரமே நரைச்சுது. அவனுக்கும் அந்த முடிதான்.”

அவள், சாயம் பூசியிருப்பான் என்றாள். அம்மா, சேச்சே, அவன் அதெல்லாம் பூசமாட்டான் என்று மறுத்தாள். கண்ணாடி போட்டிருப்பான், சின்ன வயதிலேயே புத்தகத்தை மூக்குக்குக் கிட்டே வைத்துத்தான் படிப்பான் என்றாள். கல்யாணம்? ஆகியிருக்கும், ஆகாமல் என்ன. வருகிறவள் கொஞ்சம் வாய்க்காரியாக இருந்திருப்பாள், இவன் பேசாமல் சிரித்துக்கொண்டிருப்பான். எனக்கு அண்ணியோடு ஒத்துப்போயிருக்குமா என்று அவள் கேட்டாள். எங்கே ஒத்துப்போகும், நீ சும்மா இருப்பியா என்றாள் அம்மா. தங்கை இன்னும் கல்யாணம் பண்ணாமல் உட்கார்ந்திருக்கிறாளே என்று உன்னை ஒரு வழி பண்ணியிருப்பான் என்றும் சொன்னாள்.

அப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். இத்தனை காலமும் ஒரு சின்னப் பையனுக்காக அழுதவள், அன்றுதான் நரை விழுந்த, கண்ணாடி போட்ட, பெண்டாட்டி பிள்ளையோடு இருந்திருக்க வேண்டிய மகனுக்காக அழுதாள். அது இன்னும் பெரிய அழுகையாக இருந்தது. அவள் அம்மாவைத் தேற்றவில்லை. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, அண்ணா என்று ஒருதடவை சொல்லிப் பார்த்தாள். சத்தம் வரவில்லை, மறுபடியும் சொன்னாள்.

அந்தப் படம் இப்போதும் விடுமுறை நாட்களில் டிவியில் வருகிறது. வாலிபன் சிறுவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறான். பொடியன் இப்போது தொடர்களில் மாமியார்களுக்கும் ஆஸ்பத்திரித் தாதிகளுக்கும் பேசுகிறாள்.