வழிகாட்டி சொன்ன கரை

வழிகாட்டி ஒலிபெருக்கியில் "இடப்பக்கம் அருவி" என்று சொன்ன பிறகுதான் அந்தப் பாறையில் அருவி விழத் தொடங்கியது. ஆளில்லாத கரைகளைக் காட்டப் பயணிகளை ஏற்றிப்போகும் எங்கள் சின்னக் கப்பலில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பயணிகள் படம் பிடித்தார்கள், நாங்கள் டீ குடித்தோம். வழிகாட்டி எங்கள் கேப்டனின் தங்கை புருஷன். செருப்புக் கடையில் இருந்தவர். கடலைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அது உப்புக் கரிக்கும் என்பது மட்டும்தான். பயணிகள் கொட்டாவி விட்டால் எதையாவது சொல்லியே ஆகவேண்டும் என்பது எங்கள் கப்பல் வழக்கம். அவர் சொல்வார், சொன்னது வந்து நிற்கும். ஒருமுறை அசதியில் ஒட்டகங்கள் என்று சொல்லிவிட, அவையும் பனிப்பாறைமேல் நின்று எங்களை முறைத்தன. வரைபடக்காரர்கள் வருடாவருடம் சத்தமில்லாமல் வரைபடத்தைத் திருத்திக்கொண்டார்கள். வெட்கங்கெட்ட நாங்கள் சட்டையில் 'கண்டுபிடிப்பாளர்கள்' என்று அச்சடித்துக்கொண்டோம்.

சமையல்கட்டில் வேலை பார்த்த அவர் மனைவிக்கு மட்டும் இது ஆகவில்லை. ஏழு கடல் சுற்றியவன் என்று சொல்லித்தான் அவளைப் பெண் கேட்டிருந்தார். இனி ஒரு பொய் சொன்னாலும் அடுத்த துறைமுகத்தில் இறங்கிப் போய்விடுவேன் என்று ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டாள். பாவம் மனுஷன், அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே பயந்தார். பயணிகள் வெறும் பாறையைப் பார்த்துத் தூங்கினார்கள்.

அப்போதுதான் மூடுபனியில் என்ஜின் நின்று, கப்பல் பாறைகளை நோக்கி இழுபட்டது. கேப்டன் ஒலிபெருக்கியை அவர் கையில் திணித்தார். வழிகாட்டி மனைவியைப் பார்த்தார். அழுதேவிட்டார்.

"வலப்பக்கம் துறைமுகம் இருக்கு," என்றார். "அங்க என் பொண்டாட்டி நிக்கிறா. என்னை மன்னிச்சுட்டா."

துறைமுகம் வந்தது, கப்பல் தப்பியது. கரையில் அதே மனைவி, அதே முகத்தோடு, சிரித்துக்கொண்டு நின்றாள். கப்பலில் இருந்தவள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லவளாத்தான் இருக்கா. நீங்க இவகூடவே இருந்துக்கங்க. நான் போறேன்."

"அவ நான் சொல்லி வந்தவ," என்றார் அவர். "நீ திட்டுறது நான் சொல்லிக்குடுத்ததா? எனக்கு நீதான் வேணும்."

அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது. அதைக் கேட்டு எதுவும் புதிதாக முளைக்கவில்லை. அவள் அடுப்பில் எதுவோ கருகுவதாக முணுமுணுத்தபடி சமையல்கட்டுக்குள் போனாள்.

இப்போதெல்லாம் தண்ணீர் பிடிக்க அந்தத் துறைமுகத்தில்தான் நிற்கிறோம். பெண்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மன்னித்தவள்தான் அதிகம் குறை சொல்கிறாளாம்.