டிராவுடெலின் கடைசி டப்பாக்கள்

பக்கத்து வீட்டு ரைன்ஹோல்ட் கட்டட ஆய்வு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் மட்டும்தான் ஓய்வு பெற்றார். அதிகாரம் இன்னும் பணியில் இருந்தது. மேற்கு ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்து, டிராவுடெலைக் கட்டிக்கொண்டு, எங்கள் சாக்ஸனிக் கிராமத்தில் அவள் அப்பா கட்டிய வீட்டுக்குக் குடிவந்தவர்.

டிராவுடெல் போன இலையுதிர் காலத்தில் இறந்துபோனாள். படுக்கையில் விழுவதற்குமுன் மாட்டிறைச்சிச் சுருள் சமைத்து, நிலவறை ஃப்ரீசரில் டப்பா டப்பாவாக அடுக்கியிருந்தாள். ஞாயிறுக்கு ஒன்று என்று எடுப்பார். "ஆகஸ்ட் வரைக்கும் அவ கையால சாப்பிடலாம்" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் அதிகாரியாக இருக்கமாட்டார்.

ஈஸ்டருக்கு முந்தின வியாழன், விதிமுறைத் தொகுதிகளை அடுக்கக் கூடத்துச் சுவரில் ஓர் அலமாரி மாட்டப்போவதாக டிரில்லும் கையுமாக நின்றார்.

"வயர் தேடுற கருவி கொண்டுவரட்டுமா?" என்றேன்.

"எதுக்கு? சுவர்ல வயர் நேராத்தான் போகும். பிளக்குக்கு மேலயோ, பக்கவாட்டுலயோ. விதி அப்படி."

"இது உங்க மாமனார் இழுத்த வயர், ஐயா. அந்தக் கிழக்கு ஜெர்மனிக் காலத்துல இங்க வயர் குதிரைக்கொம்பு. மிச்சம் பிடிக்கச் சாய்வா, குறுக்கால இழுத்திருப்பாரு."

"அப்பவும் விதி இருந்துச்சு."

"விதி இருந்துச்சு. வயர்தான் இல்ல."

டிரில் பாய்ந்தது. 'டப்' என்று ஒரு சத்தம், சுவரில் கரி. ப்ரேக்கர் விழுந்ததால் மனிதர் பிழைத்தார். பண்டிகை முடிந்து செவ்வாய்தான் வரமுடியும் என்றார் எலக்ட்ரீஷியன். சமையலறையில் விளக்கு எரிந்தது; இருண்டது கூடம் மட்டும்தான் என்று ரைன்ஹோல்ட் நினைத்துவிட்டார்.

ஞாயிறு மதியம் எங்கள் கதவைத் தட்டினார். மாமனார் ஃப்ரீசரையும் அதே வயரில் கோத்திருந்தார்.

"எல்லாம் இளகிடுச்சு. இன்னும் சில்லுனுதான் இருக்கு. ஆனா திரும்ப உறைய வைக்கக் கூடாது..." விதி என்று சொல்ல வாய் எடுத்தவர், சொல்லவில்லை. "சாப்பிட வாங்க. எனக்குத் தனியா முடியாது."

சொல்லிக்காட்ட மூன்று நாளாக ஒரு வாக்கியத்தைத் தீட்டி வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

நானும் என் மனைவி சிக்ரூனும் போய்த் தின்றோம், தின்றோம். ஆகஸ்ட் வரைக்கும் போகவேண்டியது ஒரே மேசையில் ஆவி பறந்தது.

"கடுகு கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றாள் சிக்ரூன், பேச்சுக்காக.

"நானும் கல்யாணமான நாள்லேருந்து சொல்றேன். கேட்கவே மாட்டா."

சிக்ரூன் பாத்திரங்களைக் கழுவ எடுத்தாள். அவர் குழம்புச் சட்டியின் காதைப் பிடித்துக்கொண்டார்.

"அதை மட்டும் விட்டுடுங்க."

ரொட்டித் துண்டால் அதன் அடியை மெதுவாக வழிக்க ஆரம்பித்தார்.