மாரிசாமி பேரில் போன ரத்தம்

எங்கள் மகள் லெட்சுமிக்குச் சின்ன வயதிலேயே முகம் வெளுத்து, வயிறு ஊதிப் போயிருந்தது. தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் அதே மாத்திரைதான். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் இது சத்துக்குறைவு இல்லை, பரம்பரையாய் ரத்தத்தில் வருகிற நோய் என்று தெரிந்தது. மாதாமாதம் ரத்தம் ஏற்றினார்கள்.

"எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கெடையாது. வந்தவ கொண்டாந்தது," என்று மாமியார் எல்லாரும் தண்ணி பிடிக்கிற பீலியில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னார். என் புருஷன் மாரிசாமி அதைக் கேட்டுக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த பிள்ளை பெறுவதற்கு முன்னால் தாய் தகப்பன் ரெண்டு பேர் ரத்தத்தையும் கொழும்புக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். அவர் சிங்களத்தில் சொல்வதை நர்ஸ் ஸைனப் தமிழில் சொல்வாள். நான் அன்றைக்கே கொடுத்தேன். என் புருஷன் இன்னொரு நாள் போய்க் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

முடிவு வந்த அன்று லெட்சுமியையும் கூட்டிக்கொண்டு போனோம். டொக்டர் தாளைப் பார்த்துவிட்டு ஸைனப்பிடம் நீட்டினார். ஸைனப் என் புருஷனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கோவிக்காதீங்க தங்கச்சி. இந்த நோய் வாறதுன்டா உம்மா வாப்பா ரெண்டு பேர்லயும் அது ஈக்கணும். ஒங்கள்ல ஈக்கிது. அவர்ல இல்ல."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் விளங்கியது.

"நாங்க யார்ட்டயும் சொல்ல மாட்டோம்," என்றாள்.

நல்ல மனசுக்காரர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

"அவரைக் கூப்பிட்டு அவர் முன்னாடியே சொல்லுங்க மிஸ்ஸி."

"வேணாம். சும்மா குடும்பம் கொழம்பும்."

"நான் அப்படிப்பட்டவ இல்ல. சொல்லுங்க."

நானே கதவைத் திறந்து கூப்பிட்டேன். ஸைனப் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் அன்றைக்கே எனக்கு லயத்தில் இடமில்லை. அவர் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். அப்படியே வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"அது என் ரத்தம் இல்லீங்க. தம்பி வீரய்யாவோடது. என் பேரைச் சொல்லி அவனைக் கொடுக்க வச்சேன்."

"யா அல்லாஹ்! என்னத்துக்கு?"

"மலை ஏறுனா எனக்கு மூச்சு வாங்குதுங்க. ரத்தம் தண்ணியாத்தான் இருக்கும். மட்டமான கொழுந்தைக் கண்டா கங்காணி கூடையோட கொட்டிருவாரு. அது மாதிரி, அப்பன் ரத்தம் மோசம்னு புள்ளைக்கு வைத்தியத்தை நிறுத்திட்டா? அவன் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுறவன், நல்ல ஒடம்பு. ஒரே வயித்துல பொறந்தவன்தானேன்னு..."

ஸைனப் சிங்களத்தில் சொல்லச் சொல்ல டொக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு என்னவோ சொன்னார்.

"அந்த மட்டமானதுதான் அவருக்கு வேணுமாம்," என்றாள் ஸைனப்.

"தம்பிக்கு என்ன வாங்கிக் கொடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"பதுளை பஸ் ஸ்டாண்டுல ஒரு முட்டை ரொட்டி."

"என் மானத்தை ஒரு ரொட்டிக்கு வித்துட்டீங்களே!"

அவருக்கு அப்போதுதான் எல்லாம் உறைத்தது. "உன்னை ஒரு நிமிஷம்கூட நான் அப்படி நெனைக்கல புள்ள," என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

ஸைனப் ஊசியை எடுத்ததும் அவர் கையை இழுத்துக்கொண்டார். லெட்சுமி அவர் முழங்காலில் கை வைத்தாள். "அந்தப் பக்கம் பாருப்பா. எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்."

சில வாரம் கழித்து வந்த அடுத்த தாளில் அவருக்கும் இருந்தது. இனிப் பிள்ளை வேண்டுமா என்பதை நாங்கள் யோசித்துச் சொல்ல வேண்டும்.

அன்று தோட்டத்துக்கு வந்ததும் அவர் வீட்டுக்குள் போகவில்லை. நேரே பீலிக்குப் போனார். மாமியாரும் நாலைந்து பெண்களும் குடத்தோடு நின்றார்கள்.

"ஆத்தா, என்கிட்டயும் இருக்கு. அவ மட்டும் கொண்டாந்ததில்ல. எனக்கு உன்கிட்ட இருந்தோ அப்பன்கிட்ட இருந்தோதான் வந்திருக்கணும்."

பெண்கள் எல்லாரும் மாமியாரைப் பார்த்தார்கள். அவர் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"அப்ப எனக்கும் ஊசி குத்துவாங்களாடா?"

"குத்துனாலும் குத்துவாங்க," என்றார். "வீரய்யாவை மட்டும் அனுப்பிறாத."