ரப்பரைக் கவ்வியிருக்கும் அரை மணி நேரம்

தண்ணீருக்கடியில், நீச்சல் குளத்தின் தரையில் முட்டி போட்ட நாற்பதாவது நொடியில் தியோடருக்கு மறுபடியும் குமட்டியது. வாயில் கவ்வியிருந்த மூச்சுக்குழாய் ரப்பரின் உள்விளிம்பு மேலண்ணத்தைத் தொடக்கூட இல்லை. தொடப்போகிறது என்ற நினைப்பே போதுமாக இருந்தது. தொண்டை தானாகச் சுருங்க, அதைத் துப்பிவிட்டு மேலே வந்து, குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தான். கரையில் துண்டோடு உட்கார்ந்திருந்த சக தீயணைப்பு வீரன் பிரகாஷ், "என்ன குரு, எத்தனாவது மாசம்?" என்றான். மற்ற நால்வரும் சிரித்தார்கள். தியோடரும் சிரித்து வைத்தான்.

பதினோரு வருடமாக, ஏரியோ கல்குவாரியோ, எங்கே யார் மூழ்கினாலும் தீயணைப்பு நிலையத்தில் முதலில் கூப்பிடுவது அவனைத்தான். இடுப்பில் கயிறு, நெஞ்சு நிறைய மூச்சு, அவ்வளவுதான். ஒன்றரை நிமிடம் சேற்றைத் துழாவி, கையில் தலைமுடியோ சட்டையோ தட்டுப்பட்டதும் கயிற்றை இரண்டு முறை இழுப்பான். இந்த ஆண்டு, முதுகில் மாட்டிக்கொண்டு நீருக்கடியில் மூச்சுவிட உதவும் காற்று உருளைகள் வந்துவிட்டன. இனி அவற்றோடு பத்து நிமிடம் அடியில் இருந்து காட்டுகிறவன் மட்டுமே தண்ணீரில் இறங்கலாம். மற்றவர்கள் கரையில் கயிறு பிடிக்க வேண்டும். சோதனை சனிக்கிழமை. கயிறு பிடித்தபடி கரையில் நிற்கும் தன்னை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பயிற்சி தர வந்திருந்த ஓஸ்வால்ட் அவனைவிட இரண்டு வயது சின்னவன். பழைய கருவி ஒன்றிலிருந்து வாய்ரப்பரை மட்டும் கழற்றித் தியோடரின் கையில் வைத்தான். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போ மேன். தெனம் அரை மணி நேரம் வாயில வெச்சிட்டு உக்காரு. அழுத்திக் கடிக்காத, உதட்டால புடி. நாக்கைக் கீழ படுக்க வெய்யி. ஒமட்டிச்சின்னா உள்ள இழுக்காத, மெதுவா வெளிய விடு. நடுவுல எடுத்தா திரும்ப மொதல்லேர்ந்து."

ஜீவனஹள்ளியிலிருந்த தன் வீட்டில், திங்கட்கிழமை சாயங்காலம், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மௌரீன் அவனைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "கல்யாணமாகி ஒம்பது வருசத்துல இன்னிக்குத்தான் நான் பேசி முடிக்கிற வரைக்கும் உக்காந்திருக்க." அன்று நான்கு முறை எடுக்க வேண்டியிருந்தது. செவ்வாயன்று அவள் சர்ச் பாடகர் குழுவில் நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டு நிமிடம் போனதே அவனுக்குத் தெரியவில்லை. அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தால் தொண்டை தன்னை மறந்துவிடுகிறது. அதன்பின் அவள் நிறுத்தும்போதெல்லாம் கையை ஆட்டி, பேசு, பேசு என்றான். புதனன்று பதினெட்டு, வியாழனன்று இருபத்துமூன்று. வேறு யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை என்று அவளே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை, அவர்கள் மகள் பாப்பா டியூஷனுக்குப் போயிருந்தாள். மௌரீன் கொஞ்ச நேரம் தண்ணீர் வராததைப் பற்றிச் சொன்னாள். பிறகு நிறுத்தினாள். அவன் கையை ஆட்டினான்.

"நாளைக்கு நீ பாஸ் ஆவக்கூடாதுன்னு ஜெபம் பண்ணிட்டு இருக்கேன் தியோ."

நாக்கைக் கீழே படுக்க வைத்து மெதுவாக மூச்சை விட்டான். மற்ற நாளாயிருந்தால், சும்மா இரு என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டியிருப்பான்.

"தண்ணிலேர்ந்து பெரியவங்க பொணத்த எடுத்துட்டு வந்தா ரெண்டு நாளு நீ பேசமாட்ட. நான் எண்ணி வெச்சிருக்கேன். போன வருசம் அந்தக் கொழந்தய எடுத்துட்டு வந்தியே, அப்புறம் நம்ம பாப்பாவ நீ ஒரு மாசம் தொடல. டாடிக்கு என்மேல கோவமான்னு கேட்டா. பல்லு வலின்னு சொன்னேன். யாருக்காச்சும் ஒரு மாசம் பல்லு வலிக்குமா?"

தண்ணீருக்குள் அந்தக் குழந்தைக்கு எடையே இல்லை. மேற்பரப்பைத் தாண்டிய கணத்தில்தான் கையில் கனத்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் பாப்பா ஓடிவந்து கைகளைத் தூக்கினாள். தூக்கினால் அதே எடை இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வார்த்தை இல்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தான். இப்போது வார்த்தைகள் ரப்பருக்குப் பின்னால் வரிசையாக வந்து நின்றன.

"மூச்சப் புடிச்சிட்டுப் போறப்பவே இப்டி. இனிமே பத்து நிமிசம், இருவது நிமிசம்னு அங்கயே இருப்ப. எத்தினி நாளு கழிச்சி எங்ககிட்ட வருவ?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். முப்பத்துமூன்று நிமிடம் ஆகியிருந்தது. ஒருமுறைகூடக் குமட்டவில்லை. ரப்பர் சூடேறி, வாயின் ஒரு பகுதியைப் போல அமர்ந்திருந்தது.

"டைம் ஆயிடுச்சி. எடு."

எடுத்தால் பேச வேண்டும். அவன் கைகள் மடியிலேயே இருந்தன. மௌரீன் எழுந்து வந்து, மகளிடம் துப்பு என்று சொல்லும்போது நீட்டுவது போல, உள்ளங்கையை அவன் தாடைக்குக் கீழே நீட்டினாள். துளை வழியே அவன் மூச்சு சன்னமான ஓசையோடு போய் வந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு எச்சில் அவள் கையில் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. அவள் கையை எடுக்கவில்லை.