இருநூற்று நாற்பது பாட்டில்கள்

வெண்டல் ஏக்கர்ஸ் தன் வீட்டு நிலவறையில் இருநூற்று நாற்பது பியர் பாட்டில்களைச் சேர்த்து வைத்திருந்தான். நல்ல நாளாகப் பார்த்துக் குடிப்பதற்காக வைத்தவை. நல்ல நாள் வரவில்லை. மகள் கோராதான் வந்தாள். சியாட்டிலில் வாடகை கொடுத்து மாளவில்லை, கைக்குழந்தை வேறு, ஜூன் முதல் தேதி நாங்கள் இங்கேயே வந்துவிடுகிறோம், நிலவறையை ஒழித்துக் கொடு என்றாள். அவள் அதைச் சொன்னபோது ஏப்ரல் பிறந்திருந்தது.

விற்கலாம் என்றால் உரிமம் வேண்டும். இலவசமாகவே கொடுத்துவிடலாம் என்று இணையத்தில் போட்டான். மூன்று நாள் கழித்து ஒரே ஒருவன் பதில் எழுதினான்: "காலி பாட்டிலா?" எங்கள் ஆரகன் மாநிலத்தில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து சென்ட் கிடைக்கும். வெண்டல் பதினைந்து வருடமாகச் சேர்த்த சொத்தில், ஊற்றப்பட்டிருந்த பொருளைத் தவிர மற்றதற்கெல்லாம் விலை இருந்தது.

ஆகவே குடித்தே தீர்ப்பது என்று முடிவாயிற்று. குடிக்க நாங்கள் நான்கு பேர். வெண்டல், போர்ட்லண்ட் நகரத் தண்ணீர்த் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். லோர்னா, பல் ஆஸ்பத்திரியில் ஊராரின் பற்களைச் சுரண்டிச் சுத்தம் செய்பவள். குவின்சி, பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். குடித்த ஒவ்வொரு பியரையும் போனில் ஒரு செயலியில் பதிந்து, ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறவன். பதினோராயிரத்தைத் தாண்டிவிட்டான். நான் கூரை விற்கிறவன். மழை ஊரில் கூரை தானே விற்றுக்கொள்ளும். மிச்ச நேரத்தில் பியர் குடித்தேன்.

சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குக் கூடுவது எங்கள் வழக்கம். ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவர வேண்டும். வெளிறிய பியரில் தொடங்கிக் கறுப்பில் முடிக்க வேண்டும். சின்னக் கிளாசில் இரண்டு விரல் அளவு, அதற்கு மேல் கூடாது. குடிக்க முடியாததைக் கொட்ட நடுவில் ஒரு வாளி. எழுதப்படாத சட்டம் ஒன்றும் உண்டு. "நல்லா இல்லை" என்று யாரும் சொல்லக்கூடாது. "சுவாரசியமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வாளியைப் பார்க்க வேண்டும். பதினைந்து வருடமாக அந்த மேஜையில் எல்லாமே சுவாரசியமாகத்தான் இருந்தது.

ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. கிழக்கே பாலைவனப் பக்கம் யாரோ ஒருவன் மாட்டுக்கொட்டகையில் புதிதாகக் காய்ச்சுகிறான் என்று கேள்விப்பட்டு நாலு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு போனோம். அவன் கொடுத்ததைக் குடித்துவிட்டுத் திரும்புகிற வழியெல்லாம் ஒருவரை ஒருவர் பேசவிடாமல் பேசினோம். இப்போது எங்கள் தெருவிலேயே பியர் காய்ச்சி விற்கிற கடைகள் மூன்று. மூன்றிலும் கலங்கலாக, மாம்பழச் சாறு மாதிரி ஒரே பியர், நாற்பது பெயர்களில். ஒன்றின் பெயர் பூனையைப் பற்றிய ஜோக். இன்னொன்றில் கடலைவெண்ணெயும் டோனட்டும் போட்டிருக்கிறார்கள். புதிதாக ஒரு கடை திறந்தால், தூரத்துச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகிற முகத்தோடு போய்த் தலையைக் காட்டிவிட்டு வருகிறோம்.

புதியதில் சுரத்து போனதால் பழையதன் மேல் வெண்டலுக்கு நம்பிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. கீழே இருக்கிறது பார், அது பொற்காலத்துச் சரக்கு என்பான். பொற்காலத்துச் சரக்கை அந்தப் பொற்காலத்திலேயே குடித்திருக்கலாம். விவாகரத்து நடந்தபோது எடுத்தான். இவ்வளவு நல்லதைத் துக்கத்தில் குடிக்கலாமா என்று திரும்ப வைத்தான். கோராவின் கல்யாணத்தில் எடுத்தான். வந்த கூட்டத்துக்கு இதன் அருமை தெரியாது என்று வைத்தான். ஓய்வு பெற்றபோது கொரோனா. மூன்று மாதத்துக்குள் குடிக்கவும் என்று லேபிளிலேயே அச்சடித்திருந்த பியரைக்கூட ஒன்பது வருடம் வைத்திருந்தான். கேட்டால், "குடிச்சா தீந்துடுமேடா" என்பான்.

முதல் சனிக்கிழமை கிளாஸ்களை அடுக்கும்போது சொன்னான்: "எல்லாம் நல்லா இருக்கணும்னு நான் சொல்லல. ஒண்ணே ஒண்ணு நல்லா இருந்தா போதும். அதுல ஒரு கிளாஸ் கோராவுக்குக் குடுக்கணும்."

"ஏன், அவளுக்கு பியரே பிடிக்காதே?" என்றாள் லோர்னா.

"அதனாலதான்" என்றான். 

ஏழு சனிக்கிழமைகளில் இருநூற்றுப் பத்து பாட்டில்களைத் திறந்தோம். நனைந்த அட்டைப்பெட்டி ருசி அடித்தது பாதி. சோயா சாஸ் அடித்தது மீதி. புளிக்க வேண்டிய பியர் புளிப்பை விட்டிருந்தது, புளிக்கக் கூடாதது அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. வெண்டல் ஒவ்வொரு கிளாசையும் பரீட்சை முடிவைப் பிரித்துப் பார்க்கிறவன் மாதிரி வாயருகே கொண்டுபோவான். பிறகு எங்கள் முகங்களைப் பார்ப்பான். நாங்கள் சுவாரசியம் என்போம். வாளி நிரம்பும். ஐந்தாவது வாரத்திலிருந்து எனக்குச் சனிக்கிழமை காலையிலேயே தலை வலித்தது. குடித்ததால் அல்ல, குடிக்க வேண்டியிருந்ததால்.

எட்டாவது சனிக்கிழமை, மே மாதக் கடைசி வாரம், கோரா மார்பில் குழந்தையைக் கட்டிக்கொண்டு அளவு நாடாவோடு படியிறங்கி வந்தாள். தொட்டில் எங்கே போடுவது என்று பார்க்க வேண்டுமாம். அலமாரியில் முப்பது பாட்டில் மிச்சம் இருந்தது.

"இன்னுமா முடியல? நாலு பேர் சேந்து குடிக்கிற லட்சணமா இது?" என்றாள்.

"நாங்க குடிக்கலம்மா, ருசி பாக்கறோம்" என்றான் குவின்சி.

"வாளி மூக்குமுட்டக் குடிச்சிருக்கே?"

லோர்னா சிரித்தாள். வெண்டல் சிரிக்கவில்லை. அவன் அலமாரியின் அடித்தட்டில் கைவிட்டு, கழுத்துவரை கறுப்பு மெழுகில் தோய்த்த பெரிய பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தான். லேபிளில் ஒரு கொம்பன் ஆந்தை. எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. கோராவுக்கும் தெரிந்தது.

"இது இன்னும் இருக்கா?" என்றாள். குரலில் விளையாட்டு போய்விட்டது.

அந்த பாட்டிலின் கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும், பேசியதில்லை. பதிமூன்று வருடத்துக்கு முன் ஒரு பிப்ரவரி மழையில், வருடத்துக்கு ஒரே ஒரு நாள் விற்கிற ஸ்டவுட் என்ற கறுப்பு பியருக்காக வெண்டலும் நானும் பதினோரு மணி நேரம் வரிசையில் நின்றோம். ஆளுக்கு இரண்டு பாட்டில். அதே நாளில்தான் கோராவுக்கு மாநில நீச்சல் போட்டி. நாலு பெண்கள் மாறி மாறி நீந்துகிற போட்டி, கோரா கடைசி ஆள். வருவதாக வெண்டல் அவளிடம் சொல்லியிருந்தான். நீச்சல் அடுத்த வருடமும் இருக்கும், இது திரும்ப வராது என்று அவன் வரிசையில் நின்றபடி போனில் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். தலையை வேறு ஆட்டினேன். அடுத்த வருடம் அவள் நீச்சலை விட்டுவிட்டாள்.

"கோரா, ஒரு நிமிஷம் இரு. இத மட்டும்" என்றான் வெண்டல்.

மெழுகைக் கத்தியால் சுரண்டினான். அது பாளம் பாளமாக மேஜையில் விழுந்தது. மூடியைத் திறந்தபோது சத்தமே வரவில்லை. ஊற்றினான். நுரை வரவில்லை. கறுப்பாக, சைக்கிள் சங்கிலிக்கு விடுகிற எண்ணெய் மாதிரி இறங்கி, அப்படியே நின்றது.

குவின்சி கண்ணை மூடி முகர்ந்தான். "அடேயப்பா. தோல்... புகையிலை... பழைய சர்ச்ல இருக்கற பெஞ்சு..."

"நீ எப்ப சர்ச் பெஞ்ச நக்கின?" என்றாள் லோர்னா.

"மூக்குக்குப் பயிற்சி வேணும் லோர்னா. எல்லாருக்கும் வராது."

"எனக்குத் தினம் பத்து வாய் மோந்து பயிற்சி. இது ஈறு சீழ்."

"சுவாரசியமா இருக்குன்னு சொல்ல மாட்டியா?"

"அதையும் சொல்லிக்கறேன். சுவாரசியமான சீழ்."

நான் குடித்தேன். சோயா சாஸில் சாம்பலைக் கரைத்தது போலிருந்தது. வெண்டலும் குடித்தான். அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கிளாசை மகள் பக்கம் நகர்த்தினான்.

"பால் குடுக்கறேன்ப்பா."

"ஒரு சொட்டு. நாக்குல பட்டா போதும்."

கோரா குழந்தையின் தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து, உதட்டை நனைத்தாள். அவள் தொண்டை ஒருமுறை எம்பி இறங்கியது. நிமிர்ந்தாள். அப்பாவைப் பார்த்தாள். எட்டு வாரமாக வெண்டல் காத்திருந்தது இந்தப் பார்வைக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். 

"நல்லா இருக்குப்பா. நிஜமாவே" என்றாள் அவள், மிகவும் அன்பாக. "இப்பப் புரியுது எனக்கு."

சண்டை போட்டிருந்தால் வெண்டல் தாங்கியிருப்பான். பதிமூன்று வருடமாகத் தாங்கினவன்தானே. அவன் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தான்.

"பொய் சொல்லாத" என்றான்.

"இல்லப்பா..."

"நல்லா இல்ல. கண்றாவியா இருக்கு." அந்த மேஜையில் அப்படி ஒருவன் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "இப்ப மட்டும் இல்ல. அன்னிக்கே நல்லா இல்ல."

"என்னிக்கு?"

"வாங்கின அன்னிக்கு. ரெண்டு பாட்டில் குடுத்தாங்கல்ல, ஒண்ண வண்டியிலயே ஒடச்சுக் குடிச்சோம், நானும் இவனும். கசப்பு. கருகின டோஸ்ட் மாதிரி."

கோரா என்னைப் பார்த்தாள். நான் மெழுகுத் துண்டு ஒன்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஆனா நீ அஞ்சுக்கு அஞ்சு போட்டியேடா! நான் பாத்தேனே, ஆப்ல" என்றான் குவின்சி.

"பதினோரு மணி நேரம் மழையில நின்னுட்டு மூணு போடச் சொல்றியா? போட்டிக்குப் போகாம நின்னுட்டு?"

நானும் ஐந்து போட்டேன். அன்று வரிசையில் நின்ற முந்நூறு பேரில் ஒருவனும் நாலுக்குக் கீழே போடவில்லை. அதைப் படித்துவிட்டு அடுத்த வருடம் அறுநூறு பேர் நின்றார்கள்.

குழந்தை முனகியது. கோரா அதைத் தட்டிக்கொடுத்தாள்.

"அப்ப ரெண்டாவது பாட்டில எதுக்குப்பா பதிமூணு வருஷம் வெச்சிருந்த?"

"நல்லா ஆயிடும்னு நெனச்சேன்."

 மேலே ஜன்னலில் மழை அடிப்பது கேட்டது.

"நாங்க மூணாவதா வந்தோம்" என்றாள் கோரா.

"தெரியும்."

"ரெண்டாவது வந்திருக்கணும். நான்தான் திரும்பற எடத்துல சொதப்பிட்டேன். கேலரியப் பாத்துட்டே இருந்தேன்."

இது வெண்டலுக்குத் தெரியாது.  அவள் அதைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில், நடந்ததை நடந்தபடி சொன்னாள். சொன்னதும் பாட்டிலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

நிலவறை மூலையில் துணி துவைக்கிற தொட்டி இருக்கிறது. வெண்டல் எழுந்துபோய்ப் பாட்டிலை அதில் கவிழ்த்தான். அது இறங்க நேரம் பிடித்தது. முடிந்ததும் திரும்பி வந்து அலமாரியிலிருந்து அடுத்ததை எடுத்தான்.

"டேய், ருசியாவது பாத்துட்டு ஊத்துடா! அதுல ஒண்ணு நான் இன்னும் பதியாதது" என்றான் குவின்சி.

"வேணாம்."

லோர்னா இரண்டு பாட்டில் எடுத்தாள், நான் இரண்டு. மூடிகளை உடைத்து உடைத்துக் கவிழ்த்தோம். எந்த லேபிளையும் யாரும் படிக்கவில்லை. கடைசியில் குவின்சியும் முணுமுணுத்துக்கொண்டே வந்து வரிசையில் சேர்ந்தான். ஒன்று மட்டும் ஊற்றும்போது நல்ல மணம் அடித்தது. ஆரஞ்சுத் தோலும் தேனும் போல. நால்வருக்கும் அடித்திருக்க வேண்டும். ஒருவரும் கையை நிறுத்தவில்லை. வெண்டல் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் கறுப்பிலிருந்து பழுப்பாகி, பழுப்பிலிருந்து தெளிகிறவரை பார்த்துக்கொண்டு நின்றான். அது அவன் தொழில்.

"நாத்தம் எப்பப் போகும்?" என்றாள் கோரா.

"ஜன்னலத் திறந்து வெச்சா ரெண்டு நாள். நீங்க வர்றதுக்குள்ள போயிடும்."

அவள் நாடாவை விரித்து அலமாரியின் முனையில் பிடித்தாள். இன்னொரு முனையை வெண்டல் போய்ப் பிடித்துக்கொண்டான். தொட்டில் இடிக்கும். அலமாரி சுவரோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தது.

"இதக் கழட்டணும்ப்பா."

"நான் கழட்டிடறேன். இவங்க எதுக்கு, இவங்களுக்கு இனிமே..." என்று வெண்டல் எங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அலமாரி காலியாகிவிட்டது. தெருவில் இருக்கும் மூன்று கடைகளுக்கும் நாங்கள் போகப்போவதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும்.

லோர்னா கோட்டை மாட்டிக்கொண்டு மணிக்கட்டைப் பார்த்தாள்.

"அடுத்த சனி ஒண்ணாந்தேதி. அவங்க சாமான் வந்து எறங்கிடும். அதுக்கு முன்னாடியே முடிக்கணும். வியாழக்கெழம எனக்கு லீவு. எத்தன மணிக்கு?"

"உனக்கெதுக்கு சிரமம்..."

"எத்தன மணிக்குன்னு கேட்டேன்."

"ரெண்டு மணி" என்றான் வெண்டல்.

"ஆளுக்கு என்ன கொண்டு வரணும்?" என்றான் குவின்சி, பழக்க தோஷத்தில்.

"ஸ்பானர்" என்றாள் கோரா. குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் படியேறினாள்.